எந்த டிஸ்க்கைக் கழற்றணும்? ரெய்டு நிலையைத் தெளிவாகச் சொல்லும் ஸ்கிரிப்ட்

லினக்ஸில் ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் இயக்கும் அமைப்பு) எப்படி இருக்கிறது என்று பார்க்க எல்லாரும் திறப்பது எம்டிஸ்டாட் கோப்பைத்தான். ஒரு டிஸ்க் போனாலும் தாங்கும் ரெய்டு 5-இல் நாலு டிஸ்க்கில் ஒன்று போனால் [4/3] என்றும், பக்கத்திலேயே [யூயூயூ_] என்றும் காட்டும். நாலு வேண்டும், மூணுதான் இருக்கிறது. யூ என்றால் டிஸ்க் இயங்குகிறது, அடிக்கோடு விழுந்த இடம் காலி. பழகினவருக்கு இது போதும். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வந்து எழுந்தவருக்குப் போதாது.

அதற்காகத்தான் பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். சோதிக்க நிஜ டிஸ்க்கே வேண்டாம். 200 எம்பி வெற்றுக் கோப்பு நாலு, அவற்றை டிஸ்க் போலக் காட்ட லூப் டிவைஸ், அதன்மேல் ரெய்டை உருவாக்கும் எம்டிஆடம் கட்டளையால் ஒரு ரெய்டு. ஒன்றை 'ஃபெயில்' செய்தால் கேட்ட கோளாறு கேட்டபடி கிடைக்கும்.

அதிக நேரம் பிடித்தது டிஸ்க் பெயரை ஒட்டி அடைப்புக்குள் வரும் எண். பார்த்தால் ஸ்லாட் எண் (ரெய்டில் அந்த டிஸ்க்கின் இடம், 0-இலிருந்து எண்ணுவது) போலவே இருக்கும், ஆனால் இல்லை. ரெய்டு 5-ஐப் புதிதாக உருவாக்கும்போதே நாலாவது டிஸ்க்குக்கு 3 வராது, 4 வரும். கடைசி டிஸ்க்கை முதலில் ஸ்பேராக (உபரியாக) சேர்த்து, மற்றவற்றிலிருந்து அதை நிரப்புவது எம்டிஆடத்தின் வழக்கம். உட்கார்வது என்னவோ ஸ்லாட் 3-இல்தான். ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு, கர்னலின் தகவலைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உள்ள 'ஸ்லாட்' கோப்பைப் படிக்கிறேன். விலக்கப்பட்ட டிஸ்க்குக்கு அங்கே 'நன்' (எதுவுமில்லை) என்று இருக்கும். எந்த ஸ்லாட் காலி என்பதை மீதியை வைத்துக் கழித்துத்தான் எடுக்கணும்.

'கிளீன்' என்ற நிலையையும் ஸ்கிரிப்ட் காட்டும் முதல் வரியிலிருந்து தூக்கிவிட்டேன். எழுத வேண்டியது பாக்கியில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். டிஸ்க் செத்த ரெய்டும் 'கிளீன்' என்றே சொல்லும். எத்தனை டிஸ்க் குறைவு என்று சொல்லும் 'டிகிரேடட்' கோப்பில் உள்ள எண்ணை நம்பலாம்.

இப்போது முதல் வரி இப்படி வருகிறது: "எம்டி0, ரெய்டு 5: ஒரு டிஸ்க் குறைவு. இன்னொன்று போனால் தரவு போச்சு." அடுத்த வரியில் போன டிஸ்க்கின் சீரியல் எண். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ரீபூட்டில் மாறலாம். டிஸ்க்கின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள சீரியல் எண் மாறாது. லூப் டிவைஸுக்கு சீரியல் கிடையாது, அங்கே ஒரு கோடு மட்டும்.

டிஸ்க்குகளை ஜோடியாக்கி ஒரே தரவை இரண்டிலும் வைக்கும் ரெய்டு 10 இன்னும் பாக்கி. நாலு டிஸ்க்கில் ரெண்டு போனாலும் தப்பிக்கலாம், ஆனால் ரெண்டும் ஒரே ஜோடியாக இருக்கக்கூடாது. அடுத்தடுத்த டிஸ்க்குகளில் ரெண்டு நகல் வைக்கும் வழக்கமான 'நியர் 2' அமைப்பில் 0-1 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. "இனி இந்த டிஸ்க்கைத் தொடாதே" என்று பெயர் சொல்லிக் காட்டும் பகுதியைத்தான் அடுத்து எழுதப் போகிறேன்.