வலப்பக்கத்துக் குறி

மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். கல்லடிப் பாலம், பாடும் மீன், விடுதிச் சாப்பாடு பற்றியெல்லாம் எழுத நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு மாட்டுக்குறியைப் பற்றி. மட்டக்களப்பு சிவானந்தா பள்ளியில் படித்த காலத்தில் என் கொப்பிகளின் மூலையிலெல்லாம் அதைத்தான் கீறி வைத்திருப்பேன். மேலே ஒரு பிறை, அதன் நடுவிலிருந்து இறங்கும் கோடு, கோட்டின் அடியில் சின்ன வளையம். என் பெயரை எழுதுவதை விட அதைக் கீறுவதுதான் எனக்குப் பிடிக்கும்.

அது எங்கள் மாமாவின் பட்டியில் மாடுகளுக்குச் சுடும் குறி. வலப்பக்கம் இந்தக் குடிக்குறி, இடப்பக்கம் மாமாவின் பெயரெழுத்து. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளும் மலரைப் படிப்பதால் ஒன்று சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய்வழியாகத்தான் வரும். மாமா அம்மாவின் அண்ணன் என்பதால் அவரும் நானும் ஒரே குடி. என் அப்பா வேறு குடி. மாமாவின் சொந்தப் பிள்ளைகளும் வேறு குடிதான். அவர்கள் மாமியின் பக்கம்.

வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் பெரும்போக விதைப்புத் தொடங்கினால் வயல் பக்கம் மாடு நிற்கக்கூடாது. மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் சாய்த்துக்கொண்டு போவார்கள். அறுவடை முடியும் வரை அங்கேதான். பல ஊர்ப் பட்டிகளும் ஒன்றாகக் கலந்து மேயும் இடம் அது. குறி இல்லாவிட்டால் யாருடைய மாடு எது என்று சொல்லி மாளாது. (அந்தத் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் வீதியோரம் மாதக்கணக்கில் குந்தியிருந்து போராட வேண்டி வந்ததை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.) குறி சுடும் நாளில் கன்றின் கயிற்றைப் பிடிப்பது என் வேலை. மயிர் கருகும் மணம் இரண்டு நாள் சட்டையை விட்டுப் போகாது.

பள்ளியில் ஒருநாள் ஆசிரியர், அந்தப் பள்ளியைத் தொடங்கிய இராமகிருஷ்ண மிஷனின் சின்னத்தை விளக்கினார். விவேகானந்தரே வகுத்த சின்னம் அது. அலை கர்மம், தாமரை பக்தி, உதிக்கும் சூரியன் ஞானம், சுற்றி வளைந்த பாம்பு யோகம், நடுவில் நிற்கும் அன்னம் பரமாத்மா. ஒரு கோடுகூட வீண் இல்லை. எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் எங்கள் பிறைக்கும் வளையத்துக்கும் ஏதாவது பெரிய பொருள் இருக்க வேண்டுமே!

விடுமுறைக்குப் பாதையேறி (வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம்) மண்முனைத் துறை கடந்து வீட்டுக்குப் போனதும் மாமாவிடம் கேட்டேன். இப்போது அங்கே பாலம் இருக்கிறது, 2014 இல் திறந்தார்கள். அப்போது பாதைதான்.

"அது நம்மட மாடு எண்டு சொல்லும். வேற என்னத்தச் சொல்லணும் மருமகன்?" என்றார்.

ஞானம் இல்லை, பக்தி இல்லை, வெறும் மாடு. சப்பென்று போய்விட்டது.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தது. அதைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மாதவணைப் பக்கம் நின்ற எங்கள் பட்டி சிதறிப்போனது. போய்ப் பார்த்துவிட்டு வந்த மாமா அன்று சாப்பிடவில்லை. நாட்கள் கழித்து, முன்பின் தெரியாத ஒருவர் விசாரித்துக்கொண்டே எங்கள் படலை வரை வந்தார். மாமாவின் பெயர் அவருக்குத் தெரியாது. குந்தியிருந்து, ஈர்க்கால் மண்ணில் பிறை, கோடு, வளையம் கீறினார். "இந்தக் குறி உங்கடயா? ரெண்டு பசு என்ர மாட்டோட நிக்குது." ஒன்று கன்றுத்தாய்ச்சி. அதற்குப் பிறகு நான் அந்தக் குறிக்குப் பொருள் தேடவில்லை.

லண்டனுக்கு வந்த பிறகு மாடு எங்கே, பட்டி எங்கே! ஆனாலும் என் கைப்பெட்டி, குடை, வேலைத்தளத்தில் தேநீர்க் கோப்பை என்று எல்லாவற்றிலும் அது இருக்கும். ஏதோ கணித அடையாளம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. சரி, நினைக்கட்டும்.

போன வருடம் மகள் அதைக் கையில் பச்சை குத்தப்போவதாகச் சொன்னாள். நீ உன் அம்மாவின் குடி, முறைப்படி இந்தக் குறி உனக்கு வராது, கனடாவில் இருக்கிற பெரிய மாமியின் பிள்ளைகளுக்குத்தான் என்றேன். அவள் என்னோடு வாதாடவே இல்லை. நேரே என் அக்காவுக்குப் போன் எடுத்து அனுமதி வாங்கிவிட்டாள். அக்கா போட்டது ஒரே ஒரு நிபந்தனை: வலக்கையில்தான் குத்த வேண்டும்.