ஓட்டில்லாதவளின் தேர்தல் குறிப்புகள்

மார்ச் 22, 2025, சனி. குயீன்ஸ், நியூயார்க்

வியாழக்கிழமை தீர்ப்பு வந்துவிட்டது. மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், ஆறுக்கு ஒன்று. குடியுரிமை இல்லாவிட்டாலும் கிரீன் கார்டோ வேலை அனுமதியோ இருந்தால் நகரத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2021இல் நகர மன்றம் நிறைவேற்றிய சட்டம் செல்லாதாம். சுமார் 8 லட்சம் பேர், அதில் நானும் ஒருத்தி. அந்தச் சட்டம் ஒரு தேர்தலைக்கூடப் பார்த்ததில்லை, அதனால் எதையும் இழந்ததாகச் சொல்ல முடியாது. இருந்தும் வரிசையில் நின்றுவிட்டுப் பட்டியலில் பேர் இல்லை என்று திரும்பி வந்தமாதிரி ஒரு கடுப்பு.

மார்ச் 29, சனி

ஓட்டுத்தான் இல்லை, காசாவது கொடுப்போம் என்று நினைத்தேன். நகரவாசி கொடுக்கும் சின்ன நன்கொடைக்கு, 250 டாலர் வரை, நகரமே எட்டு மடங்கு சேர்த்துத் தருகிறது. கிரீன் கார்டுக்காரர்களும் கொடுக்கலாம். ஆனால் மேயர் பதவிக்குப் போட்டியிடும் சோசலிஸ்ட் சோரான் மம்தானி இந்த வாரம் "போதும், பணம் அனுப்பாதீர்கள்" என்கிறார். பொது நிதியோடு சேர்த்துச் சுமார் 80 லட்சம் டாலர் வந்துவிட்டதாம். உட்கட்சித் தேர்தலுக்குச் செலவழிக்க அதுதான் வரம்பு. பணத்துக்குப் பதில் கதவு தட்ட ஆள் கேட்கிறார்.

ஓட்டும் கிடையாது, காசும் வேண்டாம். கால் இரண்டு இருக்கிறது.

மே 17, சனி

நாலு மணி நேரம், 61 கதவு, திறந்தவை 14.

கையில் கொடுக்கும் பட்டியலில் ஜனநாயகக் கட்சியில் பதிந்தவர்கள் மட்டுமே இருப்பார்கள். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத உட்கட்சித் தேர்தலில் மற்றவர்களுக்கு இடமில்லை. மூன்றாம் மாடியில் நம்மூர்க்காரர் ஒருவர், மனைவியின் பேரில் தட்டிய கதவைத் திறந்தார். பெயரைக் கேட்டதும் "நம்ம பக்கத்து ஊரும்மா" என்று காபி போடச் சொல்லிவிட்டார். இருபது வருடக் குடிமகன். பதியும்போது 'கட்சி எதுவுமில்லை' என்று போட்டு வைத்திருக்கிறார். அதை மாற்ற பிப்ரவரி 14 கடைசி நாள். "அப்ப நான் யாருக்கும் போட முடியாதா?" "ஜூன்ல முடியாது அங்கிள், நவம்பர்ல போடலாம்." அவருடைய அடுத்த புகார், மம்தானிப் பையன் இந்தியில் சினிமா வசனமெல்லாம் வைத்து வீடியோ போடுகிறானே, தமிழில் ஒன்று போட்டால் என்ன என்பது. எனக்கும் பதில் தெரியவில்லை.

சோசலிஸ்ட் என்ற சொல்லுக்குக் கதவைச் சாத்தியவர்கள் இரண்டே பேர். மற்ற எல்லாருக்கும் வாடகைதான். நகரத்தில் வாடகைக் கட்டுப்பாட்டில் சுமார் 10 லட்சம் வீடுகள் உண்டு, என்னுடையதும் அதில் ஒன்று. உயர்வை முடிவு செய்வது ஒன்பது பேர் கொண்ட வாரியம், ஒன்பது பேரையும் நியமிப்பது மேயர். நான் மேயரானால் உயர்வே இல்லை என்கிறார் மம்தானி. இது சொன்னால் புரிகிறது. அவருடைய இன்னொரு வாக்குறுதியான இலவச பஸ் பற்றிக் கேட்டால் நான் கொஞ்சம் தடுமாறுகிறேன். பஸ்ஸை நடத்துவது மாநிலத்தின் கையில் இருக்கும் நிறுவனம், மேயர் மட்டும் நினைத்தால் ஆகாது. அதைச் சொல்லாமல் வாக்குறுதியை மட்டும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நகராட்சி மளிகைக் கடை? பார்க்கலாம்.

ஜூன் 8, ஞாயிறு

அப்பாவிடம் பேசினேன். சிங்காநல்லூரில் மில் சங்கத்தில் இருந்தவர், செங்கொடி ஊர்வலத்தில் தோளில் என்னைத் தூக்கிப் போனவர். "அமெரிக்காவுல நம்மாளுங்களா?" என்று சிரித்தார். மில்வாக்கி என்ற அமெரிக்க நகரத்தின் கதையைச் சொன்னேன். 1910இல் எமில் சைடல் என்ற சோசலிஸ்ட் அங்கே மேயரானார். பின்னால் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை 24 வருடம். சாக்கடை, குடிநீர், பூங்கா என்றே பேசுவதால் அவர்களைச் 'சாக்கடை சோசலிஸ்டுகள்' என்று தோழர்களே கிண்டலடித்தார்கள்.

"கிண்டலென்ன கண்ணு இதுல? கவுன்சிலர்னாலே சாக்கடைதான். அடைச்சுக்கிச்சுன்னா அடுத்த தடவ ஓட்டுக் கேட்டுத் தெருவுக்குள்ள போக முடியாது."

ஜூன் 24, செவ்வாய்

வெயில் 37 டிகிரி. வாக்குச்சாவடிக்கு விதிப்படி தள்ளி, துண்டுத்தாளும் தண்ணீர் பாட்டிலுமாக நின்றேன். வாக்குச்சீட்டில் ஐந்து வேட்பாளர்கள் வரை விருப்பப்படி வரிசைப்படுத்தலாம் என்பதை எத்தனை முறை சொன்னேனோ, தொண்டை கட்டிவிட்டது. இரவு, எதிர்த்து நின்ற குவோமோ மம்தானியிடம் தோல்வியை ஒப்புக்கொண்டார். முன்னாள் ஆளுநர்! அஸ்டோரியாவில் இன்னொரு சோசலிஸ்டான டிஃபனி கபானும் தன் நகர மன்ற இடத்தில் ஜெயித்துவிட்டார். 2019இல் குயீன்ஸ் அரசு வழக்கறிஞர் தேர்தலில் அறுபது ஓட்டுப் பக்கமாகக் கோட்டை விட்டவர். அந்த அறுபதை நினைத்துத்தான் இன்று வெயிலில் நின்றேன் போலிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

வரிசை வாக்குகளை எண்ணி முடித்தாயிற்று: மம்தானி 56 சதவீதம், குவோமோ 44. நேற்றுத்தான் இப்போதைய மேயரின் வாடகை வாரியம் ஒரு வருட ஒப்பந்தத்துக்கு 3 சதவீதம், இரண்டு வருடத்துக்கு 4.5 சதவீதம் உயர்வு என்று முடிவு செய்தது.

செப்டம்பர் 27, சனி

வீட்டுக்காரரிடமிருந்து புதுப்பிப்புப் படிவம். ஜனவரியில் ஒப்பந்தம் தொடங்கும். ஒரு வருடமா, இரண்டு வருடமா? திருப்பி அனுப்ப 60 நாள் இருக்கிறது. கணக்குப் பார்த்தால் இரண்டு வருடம்தான் புத்திசாலித்தனம். ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் மாட்டி வைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மூன்றாம் மாடி அங்கிள் காலை ஏழு மணிக்கே போட்டுவிட்டு, ஸ்டிக்கரைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு போட்டோ அனுப்பினார். இரவு ஒன்பதுக்கு வாக்குப்பதிவு முடிந்து முக்கால் மணி நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது: மம்தானிதான் அடுத்த மேயர். மொத்தம் 20 லட்சத்துக்கு மேல் வாக்குகள், 1969க்குப் பிறகு இவ்வளவு இல்லையாம்.

அப்பா கேட்டார், "நீ எத்தன மணிக்குப் போட்ட?" அவருக்குப் பல தடவை சொல்லியிருக்கிறேன், மறந்துவிடுகிறார்.

நவம்பர் 5, புதன்

ஃபிரிட்ஜிலிருந்து படிவத்தை எடுத்தேன். 'ஒரு வருடம்' கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டேன். தபால்பெட்டி தெருமுனையில்.