லாகின் ஆக நாலரை நிமிடம்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி ஆபீஸ். 42 கம்ப்யூட்டர், ஒரு விண்டோஸ் சர்வர். சில வருடங்களாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒருமுறை போவேன், நடுவில் போன் வந்தால் ஓடுவேன். பொங்கல் லீவு முடிந்து ஆபீஸ் திறந்த திங்கட்கிழமை, காலை ஒன்பதேகாலுக்குப் போன் வந்தது. அக்கவுண்ட்ஸ் அக்கா.

"ஏனுங் தம்பி, பாஸ்வேர்டு போட்டுட்டு டீ குடிச்சுட்டே வந்துட்டேன். இன்னும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே இருக்குதுங்க. எங்க ரூம்ல மூணு பேருக்கு இப்படித்தான். பக்கத்து ரூம்ல நல்லா வருதாமா."

கடைசி வாக்கியத்தைக் காதில் வாங்கியிருந்தால் அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கலாம். சர்வர் திணறினால் எல்லோருக்கும் அல்லவா திணற வேண்டும்? பக்கத்து ரூமுக்கு மட்டும் எப்படி நல்லா வரும்? ஆனால் "லாகின் ஸ்லோ" என்றதும் கை தானாக சர்வர் பக்கம் போய்விட்டது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸர் 6 சதவீதம்கூட இல்லை, மெமரி பாதி காலி, டிஸ்க் சும்மா இருந்தது. ஆனாலும் ரீஸ்டார்ட் செய்தேன். என்ன நம்பிக்கையோ! லாகின் ஆகி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதனால் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தார்கள். அப்புறம் ஆன்டிவைரஸை நிறுத்திப் பார்த்தேன், நெட்வொர்க் சுவிட்சில் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "புது சர்வர் வாங்கிறலாமுங்களா? கொட்டேஷன் குடுங்க" என்றார். நானும் குடுக்கிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

மதியத்துக்கு மேல்தான் புத்தி வந்தது. சர்வரை விட்டுவிட்டு, மெதுவாக வருகிற ஒரு கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தேன். போன் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தால் நாலரை நிமிடம். ஒருவழியாக உள்ளே போனதும், நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளைப் பார்த்தேன். லாகினைக் கவனிக்கும் வின்லாகன் பெயரில் 6005, 6006 என்று இரண்டு மஞ்சள் எச்சரிக்கைகள். குரூப் பாலிசி (சர்வர் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் சொல்லிவைக்கும் விதிகள்) வேலைக்கு அதிக நேரம் ஆகிறது என்பது முதலாவது. அதற்கு 241 விநாடி ஆனது என்பது இரண்டாவது. நாலரை நிமிடத்தில் நாலு நிமிடம் அங்கேயே போயிருக்கிறது. பாஸ்வேர்டில் கோளாறில்லை, கம்ப்யூட்டரும் பழசில்லை. சர்வரிடம் பாலிசி வாங்கப் போன இடத்தில் யாருக்காகவோ காத்து நிற்கிறது.

பிளாக் ஸ்கிரீனில், நெட்வொர்க் செட்டிங்கைக் காட்டும் ஐபிகான்ஃபிக் ஆல் கட்டளையை அடித்தேன். ஐபி முகவரி (நெட்வொர்க்கில் இந்தக் கம்ப்யூட்டரின் நம்பர்) சரி, கேட்வே (இண்டர்நெட்டுக்குப் போகும் வாசல்) சரி. அதற்குக் கீழே டிஎச்சிபி சர்வர் (அந்த முகவரியைக் கொடுத்த ஆள்) என்ற வரியில் 192.168.1.1 என்று இருந்தது. எங்கள் சர்வர் 192.168.1.10. 192.168.1.1 இண்டர்நெட் ரவுட்டருடைய நம்பர்! டிஎன்எஸ் (பெயரைச் சொன்னால் முகவரியைச் சொல்கிற ஆள்) வரியிலும் அதே 192.168.1.1. பக்கத்து ரூமுக்குப் போய் நன்றாக வருகிற கம்ப்யூட்டரில் அடித்தேன். இரண்டு வரியிலும் 10.

ரவுட்டரை யார் தொட்டது என்று விசாரித்தால், லீவு விடுவதற்கு முதல் நாள் பிராட்பேண்ட்காரர் வந்து பழையதைக் கழற்றிப் புதிது மாட்டிவிட்டுப் போனாராம். பொறுப்பான ஆள், பழைய ரவுட்டரின் நம்பர் என்ன என்று கேட்டு அதையே புதிதிலும் போட்டிருக்கிறார். அதனால்தான் நெட் சுகமாக ஓடியது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே ஒரு வேலையை விட்டுவிட்டார். புது ரவுட்டரில் டிஎச்சிபி ஆன் ஆகியே வரும். அதை அணைக்கவில்லை. ஆபீசில் முகவரி கொடுக்க இப்போது இரண்டு பேர்.

சரி, இது லீவுக்கு முன்னாலேயே ஏன் தெரியவில்லை? விண்டோஸ் சர்வர் கொடுக்கும் முகவரிக்கு, நாம் மாற்றாவிட்டால், 8 நாள் ஆயுள். தினம் ஆன் செய்கிற கம்ப்யூட்டர் அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். இந்த ஆபீசில் பொங்கலுக்குப் பத்து நாள் லீவு. வெளியூர் ஆட்கள் ஊருக்குப் போய்த் திரும்ப வேண்டாமா? அந்தப் பத்து நாளில் 42 கம்ப்யூட்டரின் முகவரியும் காலாவதி. திங்கட்கிழமை காலை எல்லாம் ஒன்றாக எழுந்து "எனக்கு யார் முகவரி தருவீர்கள்?" என்று கத்தியிருக்கின்றன. யார் முதலில் கை நீட்டினார்களோ அவர்களிடம் வாங்கிக்கொண்டன. ரவுட்டரிடம் வாங்கியது 23, சர்வரிடம் வாங்கியது 19. அக்கவுண்ட்ஸ் ரூமுக்கும் பக்கத்து ரூமுக்கும் வேறு எந்த வித்தியாசமும் இல்லை.

ரவுட்டரிடம் முகவரி வாங்கினால் லாகின் ஏன் இழுக்க வேண்டும்? முகவரி கொடுக்கிறவர், எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவார். ரவுட்டர் தன்னையே சொல்லியிருக்கிறது. டொமைனில் (டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரின் கட்டுப்பாட்டில் உள்ள குழு) இருக்கிற கம்ப்யூட்டர் லாகின் நேரத்தில் "இந்த டொமைனுக்கு டொமைன் கன்ட்ரோலர் யார்?" என்று டிஎன்எஸ்ஸிடம்தான் விசாரிக்கும். எங்கள் டொமைன் பெயர் .லோக்கல் என்று முடியும். அது ஆபீஸ் சுவருக்குள் மட்டும் புழங்குகிற பெயர். ரவுட்டர் அதை வெளியே கேட்டு, அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் கொண்டுவரும். டொமைன் கன்ட்ரோலரைத் தேடிப் பார்க்கும் என்எல்டெஸ்ட் கட்டளையில் டொமைன் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். பிழை எண் 1355, அப்படி டொமைன் இல்லை என்றது. சர்வர் பத்தடி தூரத்தில் விசிறி சத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது! தேடி, காத்திருந்து, அலுத்து, கடைசியில் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிற பழைய பாஸ்வேர்டுப் பதிவை வைத்து உள்ளே விட்டிருக்கிறது. அந்தத் தேடலைத்தான் அக்கா வட்டம் சுற்றுவதாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரவுட்டருக்குள் போய் டிஎச்சிபியை அணைத்தேன். 23 கம்ப்யூட்டரையும் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்தோம். சொன்னபடி கேட்காத நாலில் முகவரியை ரிலீஸ் செய்து ரினியூ செய்ய வேண்டியிருந்தது. அக்கவுண்ட்ஸ் அக்காவுக்கு 25 விநாடியில் வந்துவிட்டது. "டீ குடிக்க விடமாட்டீங்க போல" என்றார்.

முடிந்தது என்று பையை எடுத்தேன். மெர்ச்சண்டைசர் தம்பி ஒருவர், "ஏனுங்ணா, எனக்கு இன்னும் சுத்துதுங்" என்றார். இரண்டு நிமிடம். இவருக்கு டிஎன்எஸ் சரியாகவே இருந்தது. டெஸ்க்டாப்பைப் பார்த்தால் வால்பேப்பரே தெரியவில்லை. சாம்பிள் போட்டோ, பிரிண்ட் டிசைன், பையர் அனுப்பிய வீடியோ என்று 9 ஜிபி. அங்கே ரோமிங் புரொஃபைல் வைத்திருக்கிறோம், அதாவது ஒருவருடைய ஃபைலும் செட்டிங்கும் சர்வரில் இருந்து அவர் லாகின் செய்கிற கம்ப்யூட்டருக்கு வரும். டெஸ்க்டாப்பும் புரொஃபைலில் சேர்த்தி என்பதால், ஒவ்வொரு லாகினுக்கும் அந்தக் குவியலை சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறக்கும். "பையர் கேட்டா டக்குனு எடுக்கோணுமுங்ணா" என்றார், நியாயம்தான். ஃபோல்டர் ரீடைரக்‌ஷன் போட்டு அவர் டெஸ்க்டாப்பை சர்வரிலேயே இருக்க வைத்தேன். அவர் கண்ணுக்கு எல்லாம் அதே இடத்தில்தான் இருக்கிறது. எடுத்து நகர்த்தும் வேலை மட்டும் இல்லை.

அந்த வாரமே இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் எப்போதாவது இழுப்பதாகச் சொன்னார்கள். எரிச்சலோடு போய்ப் பார்த்தால் டிஎன்எஸ் வரியில் முதலில் 10, அதற்குக் கீழே கூகுளின் டிஎன்எஸ் 8.8.8.8. சர்வர் நின்றுபோனாலும் நெட் வரட்டும் என்று யாரோ இரண்டாவதாகக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான், சர்வர் போட்ட வருடம். முதல் ஆள் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவது ஆளிடம் போய்விடும். பதில் கிடைத்தால் சற்று நேரம் அவரிடமே நிற்கும். கூகுளுக்கு எங்கள் .லோக்கல் எப்படித் தெரியும்? அந்த வரியை எடுத்துவிட்டு, 8.8.8.8-ஐ சர்வரின் டிஎன்எஸ்ஸுக்குள் ஃபார்வர்டராக வைத்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் சர்வரிடம் மட்டும் கேட்கும், தெரியாததை சர்வர் போய் வெளியே கேட்டு வரும். முதல் நாளே இப்படித்தான் வைத்திருக்க வேண்டும். பிராட்பேண்ட்காரரைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கொட்டேஷன் கேட்ட முதலாளியிடம் சர்வர் வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "அப்ப என்னதானுங்க பிரச்சினை?" என்றார். விளக்கினேன். பாதியில் போன் வந்துவிட்டது.

ரவுட்டர் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன்: "டிஎச்சிபி ஆன் செய்யாதீர்கள்", கீழே என் நம்பர். ஆயுத பூஜை முடிந்து அந்தப் பக்கம் போனபோது எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள், ரவுட்டருக்கும். சந்தனம் சரியாக "செய்யாதீர்கள்" மேல் காய்ந்திருந்தது. ஈரத் துணி வாங்கித் துடைத்துவிட்டு, பொரி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.