ஆடாத தண்ணீர்

ஜனவரி கடைசி வாரம் அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு மும்பை பக்கத்து மலை ஊரான மாத்தேரான் போய்வந்தேன். நாங்கள் இருக்கும் டோம்பிவிலியிலிருந்து மலையடிவாரத்து நேரல் பெரிய தூரமில்லை, கர்ஜத் லோக்கலில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம், ஆனால் மலை ரயிலுக்கு டிக்கெட் வேண்டுமென்றால் விடியும் முன்னே போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்தக் குட்டி வண்டியைப் பார்த்ததும் பையன் குதிக்க ஆரம்பித்தான். அப்பா பெட்டியில் ஏறவே இல்லை. இடம் பிடித்து வைத்துவிட்டு நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் பாட்டுக்குக் கடைசிப் பெட்டி வரைக்கும் நடந்து, குனிந்து, பெட்டிகளுக்கு நடுவே பிரேக் ஹோஸ் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். அவர் ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆகிப் பத்து வருடம் ஆகப்போகிறது.

எங்கள் பெட்டியில் காலேஜ் படிக்கிற தமிழ்ப் பையன்கள் நான்கு பேர். ஒருவன் வாசலில் உட்கார்ந்து காலை வெளியே தொங்கவிட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்பா உள்ளே வரச் சொன்னார். அவன் மரியாதையாகத்தான் பேசினான், "டாய் டிரெய்ன்தானே தாத்தா, நடக்கிற வேகம்தான் போகுது" என்றான். "வேகம் கம்மிதான் தம்பி, எடை கம்மியா?" என்றார் அப்பா. அவன் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த 'டாய் டிரெய்ன்' என்கிற பேச்சுதான். அழகாக, சின்னதாக, மெதுவாக இருக்கிற பழைய ரயிலைப் பார்த்தால் நமக்குப் பயமே வருவதில்லை. மாத்தேரான் பாதை 1907-ல் திறந்தது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டடிதான் இடைவெளி, 21 கிலோமீட்டரும் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. 2016 மே மாதம் அடுத்தடுத்து இரண்டு முறை பெட்டிகள் தடம் புரண்டதும் வண்டியையே நிறுத்திவிட்டார்கள். காற்று பிரேக் பொருத்திய பிறகு 2017 கடைசியில்தான் திரும்ப ஓட ஆரம்பித்தது. அதுவரை பெட்டிக்குப் பெட்டி ஆள் உட்கார்ந்து கையால் பிரேக் சுற்றியிருக்கிறார்கள், எஞ்சினிலிருந்து விசில் வந்தால் இறுக்க வேண்டும், மறு விசிலுக்குத் தளர்த்த வேண்டும். ஒருவர் கண் அசந்தால் அந்தப் பெட்டியின் எடை முழுக்க மற்றவர்கள் கையில். அப்புறம் 2019 மழையில் பாதையே அரித்துப்போய், நேரலிலிருந்து வண்டி மறுபடி கிளம்ப 2022 அக்டோபர் ஆனது.

அப்பா ரயில்வேயில் சேர்ந்தது நீராவி காலத்தில். தெற்கே ஒரு மீட்டர்கேஜ் ஷெட்டில் ரெண்டாம் ஃபயர்மேன், அதாவது எஞ்சினில் டிரைவர், ஃபர்ஸ்ட் ஃபயர்மேன், இவர் என்று மூன்று பேர். கரி உடைத்துப் போடுவது இவர் வேலை. பிற்பாடு டீசலுக்கு மாறி டிரைவராகத்தான் ஓய்வு பெற்றார், ஆனால் ராத்திரி பால்கனியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் ஒய்.பி. என்கிற அந்த நீராவி எஞ்சினைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மாத்தேரானிலிருந்து திரும்பிய அன்று ராத்திரி அவர் சொன்னதை இதுவரை நான் கேட்டதில்லை.

1981. அவருக்கு 24 வயது. கூட்ஸ் வண்டி, டூட்டி ஏறிப் பதிமூன்று மணி நேரம் தாண்டிவிட்டது, ஃபர்ஸ்ட் ஃபயர்மேனுக்குக் காய்ச்சல், அவர் ஓரமாக உட்கார்ந்துவிட இவரே எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பாய்லரில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது கேஜ் கிளாஸ், கண்ணாடிக் குழாய், விரல் தடிமன் இருக்கும். எஞ்சினில் இரண்டு இருக்கும். அன்றைக்கு ஒன்றின் கண்ணாடி முந்தின நாளே உடைந்து, மாற்றாமல் அடைத்து வைத்திருந்தார்கள். இன்னொன்றில் முக்கால் கிளாஸ் தண்ணீர். இவர் ஒவ்வொரு முறை திரும்பிப் பார்க்கும்போதும் முக்கால் கிளாஸ். மனசு நிம்மதியாகக் கரி போட்டுக்கொண்டிருக்கிறார்.

டிரைவர் வயதானவர், வெளியே தலை நீட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே திரும்பி அந்தக் கண்ணாடியை ஒரே ஒரு தரம் பார்த்தார். "ஏலே, தண்ணி ஏன் ஆடல?"

ஓடுகிற எஞ்சினில் கேஜ் கிளாஸ் தண்ணீர் சும்மா இருக்காது, வண்டி குலுங்கக் குலுங்க மேலும் கீழும் துள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நிற்கிறதென்றால் பாய்லருக்கும் குழாய்க்கும் நடுவே வழி அடைத்துக்கொண்டது, நாம் பார்ப்பது எப்போதோ தேங்கிப்போன தண்ணீர். டிரைவர் எழுந்து வந்து கீழே இருக்கும் வடிகால் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று சத்தம், கொஞ்சம் சேறு, அப்புறம் ஆவி. மூடினார். நல்ல கிளாஸ் என்றால் தண்ணீர் விருட்டென்று ஏறி நிற்க வேண்டும். அன்றைக்கு அது மெதுவாக ஊறி வந்து, அடி நட்டுக்கு மேலே அரை இஞ்சில் நின்றது. அதுதான் பாய்லரின் நிஜம்.

அந்த அரை இஞ்சுக்கும் கீழே போனால் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அப்பா ஏன் நாற்பது வருடம் இதை யாரிடமும் சொல்லவில்லை என்பது புரியும். நெருப்புப் பெட்டியின் கூரைத் தகட்டுக்கு மேலே எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும், கீழே எரிகிற நெருப்பின் சூட்டை வாங்கிக்கொள்வது அந்தத் தண்ணீர்தான். அது வற்றினால் தகடு பழுத்து, இளகி, அழுத்தம் தாங்காமல் உள்ளே பிய்ந்து விழும். உள்ளே இருக்கிற தண்ணீர் 100 டிகிரியில் இல்லை, அழுத்தத்தால் 200 டிகிரி வரை சூடாகியும் தண்ணீராகவே அடங்கிக் கிடக்கிறது. வழி கிடைத்த கணத்தில் அதில் ஒரு பங்கு ஆவியாகிச் சீறும், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கு மேல் இடம் கேட்கும், அது முதலில் வருவது எஞ்சினில் நிற்பவர்கள் பக்கம்தான். இதற்காகத்தான் கூரைத் தகட்டில் லீட் பிளக் என்று ஈயம் அடைத்த திருகு வைப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகி வழிவிடும், ஆவி கீழே நெருப்பின்மேல் பாய்ந்து எச்சரிக்கும். அன்றைக்கு அது உருகவில்லை. பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டர் இரண்டையும் திறந்து தண்ணீர் ஏற்றி, நெருப்பை அடக்கி, அடுத்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தினார் டிரைவர். நாற்பது நிமிடத் தாமதம். நிறுத்தியதற்கு அவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அப்பாவை அவர் எழுத்தில் மாட்டிவிடவில்லை, ஆனால் அடுத்த ஒரு மாதம் அரை மணிக்கு ஒருமுறை அந்தக் குழாயைத் திறந்து மூட வைத்தாராம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஞாபகம் வந்தது அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து. 1995 ஜூன் 16, பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயில், 1278 என்ற கனடா நீராவி எஞ்சின். அதே கதைதான், கடைசி அத்தியாயம் மட்டும் வேறு. தண்ணீர் குறைந்து கூரைத் தகடு பிய்ந்து, எஞ்சினில் இருந்த மூன்று பேரும் தீக்காயப்பட்டார்கள், டிரைவருக்கு மிக மோசம். பயணிகள் தப்பினார்கள். விசாரித்தவர்கள் பார்த்தபோது தண்ணீர் மட்டம் காட்டும் கருவிகளைச் சரியாகப் பராமரிக்கவில்லை, வழி அடைபட்டுக் கிடந்தது, வேலை செய்தவர்களுக்கு முறையான பயிற்சியும் இல்லை. கனடாக்காரர்கள் கூரைத் தகட்டைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டுகளை இரண்டு வகையாகக் கலந்து போட்டிருந்ததால் தகடு மொத்தமாக விழவில்லை, இல்லாவிட்டால் பாய்லரே பறந்திருக்கும். அதற்குப் பிறகு அங்கே நீராவி எஞ்சின் விதிகளையே திருத்தி எழுதினார்கள்: 1,472 நாள் ஓடினாலோ 15 வருடம் ஆனாலோ, எது முந்தியோ, பாய்லரைப் பிரித்து முழுக்கச் சோதிக்க வேண்டும்.

அப்பாவுடைய தவறும் கெட்டிஸ்பர்க் தவறும் ஒன்றா என்று எனக்குள் ஒரு கேள்வி. அப்பா தினமும் எஞ்சின் ஏறியவர். தினமும் பார்த்ததையே பார்த்து, கண் பார்ப்பதை விட்டுவிட்டது. இன்றைக்குப் பாரம்பரிய ரயில் ஓட்டுகிறவர்கள் பல இடங்களில் மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள்தான் ஓட்டுகிறார்கள், வெளிநாடுகளில் நிறைய பேர் சம்பளமில்லாத தொண்டர்கள், மற்ற நாள் வேறு வேலை. பழக்கம் அவர்களை ஏமாற்றாது, மறதி ஏமாற்றும். கூடவே பக்கத்தில் நின்று "ஏன் ஆடல" என்று கேட்க அந்தக் கிழவர் மாதிரி ஆள் எத்தனை எஞ்சினில் இருக்கிறார்?

இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு இதுதான் பெரிய கவலை. 2015 மார்ச் 7, இங்கிலாந்தில் வுட்டன் பாசெட் ஜங்ஷன். 'டாங்மியர்' என்ற நீராவி எஞ்சின் ஆட்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு வண்டியாக மெயின் லைனில் ஓடுகிறது. எச்சரிக்கை ஒலி வந்தால் டிரைவர் உடனே பட்டனை அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் தானாகப் பிடிக்கும். அன்றைக்கு அழுத்தவில்லை, பிரேக் பிடித்தது. விதிப்படி வண்டியை நிறுத்திவிட்டு சிக்னல்காரரிடம் பேச வேண்டும். அவர்கள் நிறுத்தவில்லை. ஓடிக்கொண்டே அந்தப் பாதுகாப்புக் கருவியின் குழாயை மூடி அதை வாயடைத்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சிவப்பு சிக்னலைத் தாண்டி அரை கிலோமீட்டருக்கு மேல் போய் ஜங்ஷனுக்கு நடுவிலேயே நின்றது வண்டி. ஸ்வான்சீயிலிருந்து லண்டன் போகும் எக்ஸ்பிரஸ் அந்த இடத்தைக் கடந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. யாருக்கும் கீறல் இல்லை. டிரைவருக்கு நான்கு மாதம் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, நடத்திய நிறுவனத்துக்கு 2 லட்சம் பவுண்டு அபராதம்.

அனுபவமில்லாத ஆள் இதைச் செய்யமாட்டான், அவனுக்கு அந்தக் குழாய் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. நிறுத்தினால் தாமதமாகும் என்கிற எண்ணம் அன்றைக்கு அந்த எஞ்சினுக்குள் இருந்திருக்காதா? அப்பாவின் டிரைவருக்கு வந்த மெமோவும் அதே எண்ணத்தைத்தானே எல்லார் மனசிலும் விதைத்திருக்கும்? பாரம்பரிய ரயிலில் இந்த அழுத்தம் மேலதிகாரியிடமிருந்து வருவதைவிட நம்மிடமிருந்துதான் அதிகம் வருகிறது என்று நினைக்கிறேன். பிளாட்பாரம் முழுக்க கேமரா, குழந்தைகள், மூன்று மாதம் முன்னே டிக்கெட் எடுத்தவர்கள். அத்தனை சிரித்த முகங்களுக்கு முன்னால் "எஞ்சின் சரியில்லை, இன்றைக்குப் போகாது" என்று சொல்ல எவ்வளவு மனத்துணிவு வேண்டும்! நேரலில் மழை காரணமாக வண்டி ரத்தானபோது கவுண்டரில் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு முறை நானும் அந்தக் கூட்டத்தில் நின்று குரல் உயர்த்தியிருக்கிறேன். இனிமேல் செய்யமாட்டேன்.

ஸ்ட்ராஸ்பர்க் என்று பென்சில்வேனியாவிலேயே இன்னொரு பேர்பெற்ற பழைய ரயில், நன்றாக நடத்துகிறவர்கள் என்று பெயரெடுத்தது. 2022 நவம்பரில் அங்கே எஞ்சினைக் கழற்றி மறுமுனைக்குக் கொண்டுபோகும்போது, தண்டவாளம் பிரிகிற இடத்தில் பாயிண்ட் பக்கத்து லைனுக்கு மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. பக்கத்து லைனில் நிறுத்தியிருந்த மண் தோண்டும் எந்திரத்தில் போய் மோதி எஞ்சினின் முகமே ஓட்டையாகிவிட்டது. அடி யாருக்கும் படவில்லை. அந்த வீடியோவை அப்பாவுக்குக் காட்டினேன். "பாயிண்ட் நாக்கு எந்தப் பக்கம் ஒட்டியிருக்குன்னு இறங்கிப் பாத்திருந்தா போதும்" என்றார், திரும்பப் போடச் சொல்லவில்லை.

நீலகிரி ரயில் நினைவுக்கு வருகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை எஞ்சின் பின்னாலிருந்து வண்டியைத் தள்ளுகிறது, செங்குத்தான இடங்களில் ஏற்றம் பன்னிரண்டடிக்கு ஓர் அடி, டிரைவருக்கு முன்னால் பாதை தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருடைய கண். அவர் காட்டுகிற கொடி ஒவ்வொரு பெட்டி பிரேக்ஸ்மேனாகக் கைமாறிப் பின்னால் போய்ச் சேரும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. ஒருவருக்குச் சந்தேகம் வந்தாலும் செங்கொடி, அவ்வளவு பேரும் நிற்க வேண்டும், சின்னவர் பெரியவர் கிடையாது. இந்தச் செங்கொடி காட்டியதற்கு யாருக்கும் மெமோ வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

மே மாதம் ஊருக்குப் போகும்போது குன்னூர் வண்டியில் போகலாம் என்று பேசியிருக்கிறோம், டிக்கெட்தான் குதிரைக்கொம்பு. ஹில்குரோவில் தண்ணீர் பிடிக்க வண்டி நிற்கும்போது அப்பா இறங்கி எஞ்சின் பக்கம் போய் நிற்பாராம். ஃபயர்மேன் அந்தக் கேஜ் கிளாஸைத் திறந்து ஊதுகிற சத்தம் கேட்க வேண்டுமாம். இடது காது அவருக்கு இப்போது சரியாகக் கேட்பதில்லை, அதனால் வலது பக்கம் திரும்பி நிற்பேன் என்கிறார். கேட்டால் அந்த ஃபயர்மேன் பையனுக்குக் கைகொடுத்துவிட்டு வருவாராம்.