கெய்ரோவில் வெள்ளிக்கிழமைப் பூசை

நம்மூரிலிருந்து புனித பூமிப் பயணம் போகிறவர்களுக்கு எகிப்து ஒரு இலவச இணைப்பு மாதிரிதான். யோர்தான், இஸ்ரயேல் எல்லாம் முடித்து, தாபா எல்லையைத் தாண்டி, சீனாய் மலை ஏறி இறங்கி, கெய்ரோ வந்து சேரும்போது பாதிப் பேருக்குக் கால் வீங்கியிருக்கும். பிரமிடு, பாப்பிரஸ் கடை, வாசனைத் திரவியக் கடை என்று பஸ் சுற்றும். நடுவில் அரை மணி நேரம் 'திருக்குடும்பம் தங்கிய இடம்'. ஒரு ஜெபம், ஒரு குரூப் போட்டோ, முடிந்தது.

நானும் அக்காவும் இதை முன்பே கேள்விப்பட்டிருந்ததால், குழு ஊருக்குக் கிளம்பிய பிறகு கெய்ரோவில் தங்குவதாகத் திட்டம் போட்டிருந்தோம். எங்களை அழைத்துப்போன ஃபாதருக்கு அதில் மனசே இல்லை. "ரெண்டு பேரும் தனியா என்னம்மா பண்ணுவீங்க, அது முஸ்லிம் நாடு" என்றார். காயல்பட்டினத்துக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் சொல்கிற பேச்சா இது?

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தது ஒரு காப்டிக் பெண், அதாவது எகிப்தின் பழமையான கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவள். இருபத்தைந்து வயது இருக்கும். சுற்றுலா படித்தவள், நல்ல ஆங்கிலம். எங்கள் இருவரையும் 'தாந்த்' என்றுதான் கூப்பிடுவாள், அங்கே அத்தை, மாமிகளை அழைப்பது போல. வந்ததும் அவள் கேட்டது, "வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிறீர்களா?" ஞாயிறு இல்லையா என்றேன். எகிப்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். ஞாயிறு விடியற்காலைப் பூசையும் உண்டு, ஆனால் குடும்பத்தோடு கோவிலுக்கு வருவது பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான். பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் அன்றைக்கே. பெயர் மட்டும் ஞாயிறு பள்ளி!

கோவில் வாசலில் போலீஸ் வண்டி நின்றது. தடுப்புக் கம்பி, உலோகம் கண்டுபிடிக்கும் வாசல், பைச் சோதனை. எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார்கள். அவள் எதையும் நீட்டவில்லை. சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே இழுத்து வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். உள்பக்கம் நீல நிறத்தில் சின்னதாக ஒரு சிலுவை. வாசலில் நின்றவர் தலையசைத்து விட்டார். அப்புறம் கோவிலுக்குள் கவனித்துப் பார்த்தால் எல்லாக் கையிலும் அது இருக்கிறது. கிழவர் கையில் மங்கி விரிந்துபோய், இடுப்பில் இருந்த குழந்தையின் கையில் புத்தம் புதிதாக. இதைப் பச்சை குத்தத்தான் எத்தனை திருவிழாக் கடைகள்! நாம் சிலுவையைச் சங்கிலியில் போடுகிறோம், வேண்டாதபோது சட்டைக்குள் தள்ளிக்கொள்ளலாம். இது அப்படித் தள்ள முடியாத இடம்.

பூசை மூன்று மணி நேரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அரபியிலும் பழைய காப்டிக் மொழியிலும் மாறி மாறிப் பாடுகிறார்கள். பாட்டுக்கு வாத்தியம் என்றால் கைத்தாளமும் முக்கோணக் கம்பியும்தான். அவ்வப்போது 'கீரியே எலேய்சோன்' (ஆண்டவரே இரக்கமாயிரும்) வரும்போது நாங்களும் சேர்ந்துகொண்டோம். அது ஒன்றுதான் தெரிந்தது. நற்கருணைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் முக்காடிட்டுப் போகிறார்கள். 451இல் ஆயர்கள் கூடிய கால்சிதோன் சங்கத்தின்போது மற்றவர்களிடமிருந்து பிரிந்த சபை இது, கத்தோலிக்கர்களான எங்களுக்கு நற்கருணை கிடையாது. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் முடிந்து வெளியே வரும்போது, மந்திரித்த வட்ட ரொட்டி எல்லோருக்கும் கொடுத்தார்கள். உள்ளங்கை அளவு. நடுவில் ஒரு சிலுவை, அதைச் சுற்றி அப்போஸ்தலர்களுக்காகப் பன்னிரண்டு சின்னச் சிலுவைகள், ஐந்து காயங்களுக்கு ஐந்து துளைகள். முன்பின் தெரியாத ஒரு பாட்டி தன்னுடையதைப் பிட்டு அக்கா வாயில் வைத்தே விட்டார்.

வாசல் காவலைப் பற்றி அக்கா கேட்டாள். அந்தப் பெண் தயங்காமல் வரிசையாகச் சொன்னாள். 2011 புத்தாண்டு இரவில் அலெக்சாந்திரியாவில் குண்டு. 2016 டிசம்பரில் கெய்ரோ மாற்கு பேராலயத்தை ஒட்டிய கோவிலில், பெண்கள் பக்கத்தில். 2017 குருத்து ஞாயிறன்று தாந்தாவிலும் அலெக்சாந்திரியாவிலும், ஒரே நாளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள். அன்றைக்கு அலெக்சாந்திரியாவில் குண்டுக்காரன் உள்ளே போகாமல் தடுத்தது, இதே மாதிரி ஒரு சோதனை வாசலில் நின்ற கோவில் காவலர். அவர் அங்கேயே இறந்தார். வாசலில் இறந்த போலீஸ்காரர்களில் முஸ்லிம்களும் உண்டு. அந்தக் காவலரின் மனைவி டிவியில், 'அவனை மன்னிக்கிறேன்' என்று சொன்னதும் நேரலையில் இருந்த பிரபல முஸ்லிம் தொகுப்பாளர் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். எகிப்து முழுக்கப் பார்த்த காட்சி.

இதைச் சொன்ன மூச்சிலேயே இன்னொன்றும் சொன்னாள். 2011 புத்தாண்டுக் குண்டுக்கு அப்புறம் வந்த கிறிஸ்துமஸ் இரவில் (இவர்களுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 7) முஸ்லிம்கள் பலர் கோவில்களுக்கு வந்து கூடவே நின்றார்கள், குண்டு வந்தால் எங்கள் மேலும் விழட்டும் என்று. இரண்டையும் ஒரே குரலில் சொல்கிறாள். கேட்கிற நமக்குத்தான் எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பழைய கெய்ரோவுக்கு மெட்ரோவிலேயே போகலாம். 'மார் கிர்கிஸ்' ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே ரோமர்களின் பாபிலோன் கோட்டைச் சுவர். அந்தக் கோட்டை வாசல்மேல் கட்டிய 'தொங்கும் கோவில்' ஒரு பக்கம். சந்துக்குள் படியிறங்கிப் போனால் அபூ செர்கா, அதாவது செர்ஜியுஸ், பாக்குஸ் என்ற மறைசாட்சிகளின் கோவில். உள்ளே பன்னிரண்டு தூண்கள். பதினொன்று வெண்பளிங்கு, ஒன்று மட்டும் சிவப்புக் கல், அது யூதாசாம். பீடத்துக்குக் கீழேதான் சூசையப்பரும் மாதாவும் குழந்தையோடு தங்கியதாகச் சொல்லப்படும் குகை. முன்பெல்லாம் நைல் பெருகினால் அதற்குள் தண்ணீர் ஏறிவிடுமாம். சந்தில் கொஞ்ச தூரத்தில் பென் எஸ்ரா யூதர் ஜெபக்கூடம். கோட்டையைத் தாண்டி நடந்தால், 7ஆம் நூற்றாண்டில் அம்ர் இப்னு அல்ஆஸ் கட்டிய பள்ளிவாசல், ஆப்பிரிக்காவிலேயே முதலாவது.

குகைக்கு மேலே நின்று அக்கா ஜெபமாலை சொல்லி முடித்துவிட்டு, "பாவம், இவ்வளவு பெரிய நாட்டில் சிறுபான்மையாக இருக்கிறீர்கள்" என்றாள். அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தாந்த், நாங்கள் எங்கிருந்தும் வந்து குடியேறவில்லை. ஏரோதுக்குப் பயந்து உங்கள் ஆண்டவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்" என்றாள். எசாயா 19ஆம் அதிகாரம் இவர்களுக்கு மனப்பாடம். எகிப்தை என் மக்கள் என்று கடவுளே சொல்கிற இடம் அது. எகிப்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர் கிறிஸ்தவர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் மத்திய கிழக்கில் வேறெந்த நாட்டிலும் இவ்வளவு கிறிஸ்தவர்கள் இல்லை. இவர்களுடைய ஆண்டுக் கணக்கு கி.பி. 284இல் தொடங்குகிறது. ரோமப் பேரரசன் தியோக்கிளேசியன் அரியணை ஏறிய வருடம். தங்களை வெட்டிக் கொன்றவன் பதவிக்கு வந்த வருடத்தையே ஆண்டு ஒன்றாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இந்த மக்களிடம் போய் 'பாவம்' என்று சொல்லலாமா?

அதற்காகக் குறையே இல்லை என்று அவள் சொல்லவில்லை. அடையாள அட்டையில் மதம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் மீனா, கிர்கிஸ், மரீனா என்ற பெயரே காட்டிக் கொடுத்துவிடும். அவள் தம்பி நன்றாகக் கால்பந்து ஆடுவானாம். ஒரு கிளப்பில் தேர்வுக்குப் போனபோது பெயரைக் கேட்டதோடு சரி. கோவில் கட்டுவதுதான் பெரிய வழக்கு. 1856இல் ஒட்டோமான் சுல்தான் போட்ட ஆணை, 1934இல் அதற்கு மேல் சேர்த்த பத்து நிபந்தனைகள், அக்கம்பக்கத்து முஸ்லிம்கள் மறுக்கிறார்களா, பள்ளிவாசல் எவ்வளவு தூரம் என்று கேள்வி மேல் கேள்வி. 2016இல்தான் புதிய சட்டம் வந்தது. ஆளுநர் நான்கு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்கிறது. அனுமதியில்லாமல் நடந்துவந்த ஆயிரக்கணக்கான கோவில்களையும் கட்டடங்களையும் அதற்குப் பிறகு வரிசையாக முறைப்படுத்தி வருகிறார்கள். 2019 ஜனவரியில் புதிய தலைநகரில் பிரம்மாண்டமான பேராலயமும் திறந்தார்கள். தலைநகரில் பேராலயம் சரி. மின்யா பக்கத்துக் கிராமத்தில் ஒரு வீட்டு மாடியில் ஜெபம் நடந்தாலே இன்னும் கல்வீச்சு என்றாள்.

மொகட்டாம் மலைக்குப் போவதற்கு டாக்சிக்காரர் முதலில் வரவே மாட்டேன் என்றார். வாசனைதான் காரணம். கெய்ரோவின் குப்பையை வீடு வீடாகப் போய் அள்ளுகிற 'சப்பாலீன்' மக்கள் வாழும் மன்ஷியத் நாசர் வழியாகத்தான் போக வேண்டும். பெரும்பாலும் காப்டிக் கிறிஸ்தவர்கள். 1940களில் தெற்கே உள்ள மேல் எகிப்திலிருந்து பிழைப்பு தேடி வந்தவர்களின் பிள்ளைகள். வண்டி நுழைகிற அகலத்துக்குத்தான் சந்து. இரண்டு பக்கமும் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் குப்பை மூட்டை. படியில் உட்கார்ந்து ஒரு பெண் தண்ணீர் பாட்டில் மூடிகளை நிறம் பார்த்துத் தனித்தனிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கை போட்டுக்கொண்டே இருக்க, கண் எங்களைப் பார்த்துச் சிரித்தது. அவள் தலைக்கு மேல் மாதா படம், அதற்குப் பக்கத்தில் கறுப்புத் தலையணியில் பாப்பு ஆறாம் கிரில்லுஸ். காப்டிக் சபையின் தலைவரையும் பாப்பு என்றுதான் சொல்கிறார்கள்.

மீந்த சாப்பாட்டுக் குப்பையைப் பன்றிக்குப் போட்டு வளர்த்துவந்தவர்கள் இவர்கள். 2009இல் பன்றிக் காய்ச்சல் பயத்தில் அரசு நாடு முழுக்கப் பன்றிகளைக் கொல்லச் சொன்னது. நோய் பன்றியிடமிருந்து பரவவில்லை என்று உலகமே சொல்லியும் கேட்கவில்லை. பிழைப்பு போனது இவர்களுக்கு. அப்புறம் கெய்ரோத் தெருக்களில் அழுகல் குப்பை மலையாகக் குவிந்தபோதுதான் பன்றிகள் என்ன வேலை செய்துகொண்டிருந்தன என்று ஊருக்குத் தெரிந்தது.

சந்து முடிகிற இடத்தில் திடீரென்று மலை. பாறையைக் குடைந்து, அரைவட்டமாகப் படிகள் இறங்கி, கீழே பீடம். 20,000 பேர் உட்காரலாம் என்கிறார்கள். தோல் பதனிடும் சீமோன் பெயரில் அமைந்த கோவில். கதை 10ஆம் நூற்றாண்டில், ஃபாத்திமியக் கலீபா முயிஸ் காலத்தில் நடக்கிறது. கடுகளவு விசுவாசம் மலையை நகர்த்தும் என்று உங்கள் வேதம் சொல்கிறதே, நகர்த்திக் காட்டுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்கு இங்கே இடம் இல்லை என்கிறார் கலீபா. பாப்பு ஆபிரகாம் மூன்று நாள் நோன்பிருந்து ஜெபிக்கிறார். மாதா அவருக்குக் காட்டிய ஆள் ஆயர் அல்ல, துறவி அல்ல; விடியுமுன் முதியவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போகும் ஒற்றைக்கண் தோல் தொழிலாளி. கூட்டம் 'கீரியே எலேய்சோன்' சொல்லி விழுந்து எழ, மலையும் எழுந்து இறங்கியதாம். இன்றும் கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நோன்பில் அந்த மூன்று நாளைச் சேர்த்துத்தான் இருக்கிறார்கள். நடந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். நாற்றமடிக்கிற தொழில் செய்தவனை, அதே மாதிரித் தொழில் செய்கிறவர்கள் தங்கள் புனிதராக வைத்துக் கும்பிடுகிற இடத்தில் எனக்குக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. மேலே நின்று பார்த்தால் ஏறத்தாழ ஐம்பது கட்டடச் சுவர்களில் துண்டு துண்டாகத் தீட்டிய ஓவியம் ஒரே அரபி எழுத்தாகச் சேர்கிறது. 4ஆம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியாரின் வாக்கு என்கிறார்கள். தீட்டியது எல் சீட் என்ற முஸ்லிம் ஓவியர், 2016இல்.

கெய்ரோவின் சைத்தூன் பகுதி எங்கள் பட்டியலிலேயே இல்லை, அக்கா அடம்பிடித்துப் போனோம். 1968 ஏப்ரல் 2 இரவு அங்குள்ள மாதா கோவில் கோபுரத்தில் ஒளியாக ஒரு பெண் உருவத்தை முதலில் பார்த்தவர்கள் எதிரே இருந்த பஸ் பணிமனைத் தொழிலாளர்கள், அதிலும் முஸ்லிம்கள். யாரோ பெண் குதிக்கப்போகிறாள் என்று கத்தினார்களாம். முந்திய வருடம்தான் எகிப்து போரில் தோற்றிருந்தது. மாதக்கணக்கில் இரவெல்லாம் கூட்டம். பணிமனை இருந்த இடத்தில் இப்போது பெரிய கோவில். நாங்கள் போனபோது ஹிஜாப் போட்ட இரண்டு பெண்கள் மாதா படத்தின் முன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து நின்றிருந்தார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் மாதா நோன்பு வரும்போது முஸ்லிம் பெண்கள் சிலரும் அதைப் பிடிக்கிறார்களாம்.

நோன்பு என்றால் சாதாரணம் இல்லை. வருடத்தில் 200 நாளுக்கு மேல் இறைச்சி, பால், நெய் எதுவும் கிடையாது. ஆனால் கொஷரி இருக்கும் நாட்டில் நோன்பு பெரிய கஷ்டமில்லை. சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். அந்தப் பெண்ணின் கீழ்வீட்டு முஸ்லிம் அம்மா நோன்பு நாள்களில் நெய் விடாமல் தனியாகச் சமைத்து மேலே அனுப்புவாராம். ரமலானில் இவர்கள் வீட்டு அடுப்புப் புகை பகலில் அந்தம்மாவுக்குப் போகாமல் ஜன்னலைச் சாத்திவைப்பார்களாம்.

போகிறவர்களுக்கு: பாஸ்போர்ட் எப்போதும் கையில் இருக்கட்டும். தோளையும் முழங்காலையும் மூடும் உடை, தலைக்கு ஒரு துண்டு. காலை உணவில்லாமல் மூன்று மணி நேரப் பூசையில் நிற்க முடியுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். மொகட்டாமில் குப்பை பிரிப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், மூக்கையும் பொத்தாதீர்கள். பயண ஏற்பாட்டாளரிடம் பேசும்போது வாசனைத் திரவியக் கடையை வெட்டிவிட்டு அந்த இரண்டு மணி நேரத்தை சைத்தூனுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பங்கிலிருந்து அடுத்துப் போகிற குழுவுக்காக அக்கா அந்தச் சண்டையை ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள்.