மேங்ஸ் திரும்ப வந்திருக்கு, ஸ்பேனரை யார் பிடிக்கிறது?

போன சனிக்கிழமை விடிஞ்சும் விடியாம கலிபோர்னியால நியூபோர்ட் பீச் பக்கம் ஒரு பார்க்கிங் லாட்டுக்குப் போயிருந்தேன், பழைய கார் வச்சிருக்கிறவங்க எல்லாம் காபி கப்போட வந்து நிப்பாங்க, நான் மூணு வருஷமா போறேன், என்கிட்ட ஓடுற வண்டி இல்லைன்னாலும் போவேன். அன்னிக்கு ஒருத்தர் புது மேயர்ஸ் மேங்ஸ் ஒண்ணைக் கொண்டு வந்திருந்தார், மணல்ல ஓட்டற குட்டி ‘பக்கி’ கார் அது. புதுசுன்னா நிஜமாவே புதுசு. கம்பெனி மறுபடியும் விக்க ஆரம்பிச்ச கிட்டை, அதாவது நாமளே மாட்டிக்கிற பாடியை வாங்கி, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரோட சேஸி மேல அவரே வீட்டு கராஜ்ல உக்காந்து மாட்டினது. ஜிகினா கலந்த ஆரஞ்சு கலர், காலை வெயில் பட்டதும் வண்டி முழுக்க மினுமினுன்னு.

அஞ்சு நிமிஷத்துல முப்பது பேர் கூடிட்டாங்க. பக்கத்துல ஃபெராரி நின்னுச்சு, யாரும் திரும்பிப் பாக்கல.

இந்த வண்டியைப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். புரூஸ் மேயர்ஸ்னு ஒருத்தர், 1926-ல பிறந்தவர், ரெண்டாம் உலகப்போர்ல பங்கர் ஹில் போர்க்கப்பல்ல இருந்தவர், 1945 மே மாசம் அந்தக் கப்பல் மேல ரெண்டு ஜப்பான் தற்கொலைப் படை விமானம் வந்து மோதி நூத்துக்கணக்கானவங்க செத்தாங்க, இவர் கடல்ல குதிச்சுப் பொழைச்சார். ஊருக்குத் திரும்பி ஃபைபர் படகு செய்யற வேலை கத்துக்கிட்டார். அந்தக் காலத்துல இங்க மணல்ல ஓட்டறதுக்குன்னு ஆளாளுக்குப் பழைய காரை வெட்டி, இரும்புக் கம்பியை வெல்டிங் பண்ணி ஒரு மாதிரி கனமான வண்டிகளை வச்சிருந்தாங்க. மேயர்ஸ் என்ன நினைச்சார்னா, படகையே ஃபைபர்ல செய்யறோம், காரை ஏன் செய்யக் கூடாது? 1964-ல முதல் வண்டி முடிஞ்சுது, சிவப்புக் கலர், பேரே ‘ஓல்ட் ரெட்’. ஃபோக்ஸ்வேகன் பீட்டிலோட இன்ஜின், கியர் பாக்ஸ், மேல இவர் வார்த்த ஃபைபர் தொட்டி. பின்பக்கம் மொட்டையா குட்டையா இருக்கறதால வாலில்லாத மேங்ஸ் பூனையோட பேரை வச்சார்.

ஃபைபரை இறுக வைக்கிற ரெசின் பசையோட வாசனை எனக்கு சின்ன வயசுலேர்ந்து பழக்கம். நாகப்பட்டினம் பக்கம் எங்க ஊர்ல சுனாமிக்கு அப்புறம் கட்டுமரம் குறைஞ்சு எங்க பாத்தாலும் ஃபைபர் படகு வந்துச்சு, ஸ்கூல் விட்டு வர்ற வழியில படகுப் பட்டறை, அச்சுல முதல்ல ஜெல் கோட்னு வெளிப்பூச்சு அடிச்சு, அது மேல ஃபைபர் மேட் விரிச்சு, ரெசினை பிரஷ்ல தடவிட்டே போவாங்க, நான் நின்னு பாத்துட்டு லேட்டா வீட்டுக்குப் போய் அடி வாங்கியிருக்கேன். மேங்ஸ் பாடியும் அதே முறைதான். வண்டியோட கலர் பெயிண்ட் இல்ல, அந்த ஜெல் கோட்லயே கலந்தது. எங்கேயும் பெருசா தட்டையான பரப்பு இருக்காது, எல்லாம் வளைவு, ஏன்னா ஃபைபருக்கு வளைவுலதான் பலம். முன் மட்கார்டு மேல மட்டும் தட்டையா விட்டிருப்பார், அது பீர் டின் வைக்கறதுக்குன்னு அவரே சொல்லியிருக்கார். அதை முதல் தடவை படிச்சப்பவே எனக்கு அந்த மனுஷனைப் பிடிச்சுப் போச்சு.

முதல்ல அவர் வித்தது முழு ஃபைபர் கட்டுமானம், சேஸி தனியா கிடையாது, ஒரு டஜன் செஞ்சதுக்கே கட்டுப்படியாகல. அப்புறம்தான் பீட்டிலோட தளத்தையே எடுத்து நடுவுல சுமார் 14 இன்ச் வெட்டி மறுபடி ஒட்டி அதுமேல பாடியை வைக்கிற முறைக்கு வந்தார். அங்கதான் ஊரே பத்திக்கிச்சு. மோதி நொறுங்கிப் போன ஒரு பீட்டிலை சல்லிசா வாங்கு, பாடியைக் கழட்டிப் போடு, தளத்தை வெட்டு, கிட்டை மாட்டு, ஓட்டு. 1967-ல மேயர்ஸும் டெட் மேங்கல்ஸ்னு இன்னொரு ஓட்டுநரும் மேங்ஸ்ல மெக்சிகோல லா பாஸ்லேர்ந்து டிஹுவானா வரைக்கும் 34 மணி 45 நிமிஷத்துல வந்தாங்க, அதுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள்ல வச்சிருந்த ரெக்கார்டை அஞ்சு மணி நேரத்துக்கு மேல முறியடிச்சாங்க, ரோடே இல்லாத பாலைவனம் அது. அதே வருஷம் நவம்பர்ல நடந்த முதல் மெக்சிகன் 1000 ரேஸ்லயும் மேங்ஸ்தான் ஜெயிச்சுது.

அப்புறம் நடந்ததை நினைச்சா இப்பவும் வயிறு எரியும். கண்டவனும் ஒரு மேங்ஸை வாங்கி அது மேலயே அச்சு எடுத்து காப்பி அடிச்சு விக்க ஆரம்பிச்சான். மேயர்ஸ் பேடன்ட் வச்சிருந்தார், கோர்ட்டுக்குப் போனார், ஜட்ஜ் இது பேடன்டுக்குத் தகுந்த விஷயமே இல்லன்னுட்டார். அவர் செஞ்சது ஆறாயிரத்துக்குப் பக்கம், காப்பி ரெண்டரை லட்சத்துக்கு மேலன்னு சொல்றாங்க. 1971-ல கம்பெனியை மூடிட்டாங்க. உலகம் முழுக்க ஓடுற ஒரு வண்டியைக் கண்டுபிடிச்ச ஆளுக்கு அதுலேர்ந்து கையில ஒண்ணும் மிஞ்சல.

ரொம்ப வருஷம் கழிச்சு 1994-ல அவரே மேங்ஸ் கிளப் ஆரம்பிச்சார், 2000-ல பழைய மாடலை 100 மட்டும் மறுபடி செஞ்சார். 2020 கடைசில கம்பெனியை ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு வித்தாங்க, டிசைன் பொறுப்பு ஃபிரீமேன் தாமஸ்கிட்ட போச்சு, ஃபோக்ஸ்வேகன் நியூ பீட்டில் காருக்கு அடிப்படையா இருந்த மாதிரி வண்டியை வரைஞ்ச ரெண்டு பேர்ல ஒருத்தர் அவர். அடுத்த பிப்ரவரில மேயர்ஸ் போயிட்டார், 94 வயசு. 2022 ஆகஸ்ட்ல புது கம்பெனி மேங்ஸ் 2.0 எலெக்ட்ரிக்கை அறிவிச்சுது, 202 குதிரை சக்தி, பெரிய பேட்டரி போட்டா 300 மைல், எடை 750 கிலோ கிட்டதான்.

சரி, பார்க்கிங் லாட்டுக்கு வர்றேன். ஆரஞ்சு வண்டியைச் சுத்தி நின்னாலும் பேச்சு எலெக்ட்ரிக் பக்கம்தான் போச்சு. எழுபது வயசு தாண்டின ஒருத்தர் நேரா சொல்லிட்டார், இன்ஜினோட ‘டப டப’ சத்தம் இல்லாத மேங்ஸ் மேங்ஸே இல்ல. அவர் பக்கத்துல இருந்த பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், அது சொல்லுச்சு, பீச்ல ஓட்டும்போது அலைச் சத்தம் கேக்கணும், இன்ஜின் சத்தம் எதுக்கு, மணல்ல பொதஞ்ச வண்டியை வெளிய இழுக்க மோட்டார் மாதிரி எதுவும் வராதுன்னு. இன்னொருத்தர், ஃபோக்ஸ்வேகனே 2019 ஜெனீவா ஷோல இதைப் பாத்துதானே ஐடி பக்கின்னு ஒரு எலெக்ட்ரிக் மாடல் காட்டினான், ஆனா விக்கல, இவங்களாவது இறங்கினாங்களேன்னார். பேரை வச்சுக் காசு பாக்கறாங்கன்னு ஒரு குரல். மேயர்ஸ் உயிரோட இருக்கும்போது அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானே, காப்பி அடிச்சவன் அவரைக் கேட்டானா, இவங்க கேட்டு வாங்கினாங்கன்னு இன்னொரு குரல். இந்தக் கடைசி ஆள் சொன்னதுல நியாயம் இருக்கு.

எல்லாத்தையும் கேட்டுட்டு நின்னப்போ எனக்கு ஒண்ணு புரிஞ்சுது, இவங்க சண்டை பெட்ரோலா பேட்டரியாங்கறதே இல்ல. எலெக்ட்ரிக் வண்டியைக் கம்பெனிக்காரனே முழுசா செஞ்சு சாவியைக் கையில கொடுப்பான். அறுபது வருஷமா மேங்ஸ்னா அர்த்தம் அது கிடையாது. பீட்டில் இன்ஜினைக் கியர் பாக்ஸோட பிடிச்சிருக்கறது நாலே நாலு போல்ட், வயர், பெட்ரோல் டியூப், கேபிள் எல்லாம் கழட்டிட்டு அந்த நாலையும் எடுத்தா இன்ஜின் கையோட வந்துடும், பதினாறு வயசுப் பையன் அப்பாவோட உக்காந்து ஒரு சனிக்கிழமைல செய்யலாம். அந்தச் சத்தத்தை விரும்பற பெரியவருக்கும் சத்தத்தைவிட அந்த சனிக்கிழமைதான் வேணும்னு எனக்குத் தோணுது. அதனாலதான் நான் எலெக்ட்ரிக்கை விட இந்த கிட்டு திரும்ப வந்ததைப் பெரிய விஷயமா நினைக்கிறேன். எலெக்ட்ரிக் மேங்ஸ் அழகா இருக்கு, நல்லா விக்கட்டும், அந்தக் காசுல கிட்டு விக்கறது மட்டும் நிக்காம நடக்கட்டும்.

என் விஷயத்தையும் சொல்லணும். என் கராஜ்ல தார்ப்பாய்க்குள்ள ஒரு பக்கி தூங்குது, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பழைய வண்டி விக்கிற ஒருத்தர் ஒரிஜினல் மேங்ஸ்னு சொல்லிக் கொடுத்தது. வீட்டுக்கு வந்து தேடினா சீரியல் நம்பரும் இல்ல, பூனைச் சின்னமும் இல்ல. காப்பி. காசு போனதை விட, மேயர்ஸை ஏமாத்தினவன் ஒருத்தன் செஞ்ச பொருள் நம்ம வீட்ல நிக்குதேங்கறதுதான் உறுத்திச்சு, அதோட அதைத் தொடவே இல்ல. புது கிட்டு வந்ததும் பழைய பாடியைத் தூக்கிப் போட்டுட்டு ஒரிஜினலா ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு கணக்குப் போட்டுட்டிருந்தேன்.

கூட்டம் கலைஞ்சப்புறம் அந்த ‘டப டப’ பெரியவர்கிட்ட இதைச் சொன்னேன். அவர் சிரிக்கல. அறுபதுகள்ல பாதிப் பேர்கிட்ட ஒரிஜினல் வாங்கக் காசு இல்ல, நான் முதல்ல ஓட்டினதும் காப்பிதான், மேயர்ஸே பின்னாடி கிளப் வச்சப்போ எந்த பக்கியா இருந்தாலும் வான்னுதான் சேத்துக்கிட்டார், அவருக்கு இல்லாத கோவம் உனக்கு எதுக்குன்னார். அப்புறம் போன் நம்பர் எழுதிக் கொடுத்து, முதல்ல இன்ஜினை இறக்கு, தளம் துருப்பிடிச்சிருக்கான்னு பாரு, அதைப் பாக்காம எந்த பாடிக்கும் காசு கொடுக்காதேன்னு சொல்லிட்டுப் போனார்.

ஞாயித்துக்கிழமை தார்ப்பாயை எடுத்தேன். என் பொண்ணு டார்ச் பிடிச்சா, ஏழு வயசு, நாலு போல்ட்டையும் அவளே எண்ணணும்னு சொன்னா. கீழ ரெண்டும் சுலபமா வந்துடுச்சு, மேல ஒண்ணு கொஞ்சம் மக்கர் பண்ணிட்டு வந்துச்சு, நாலாவது அசையவே இல்ல. எண்ணெய் ஊத்தி விட்டிருக்கோம். இன்னிக்கு ஸ்கூல் விட்டு வந்ததும் நான் வர்றதுக்குள்ள தொட்டுடாதீங்கப்பான்னு சொல்லிட்டுப் போயிருக்கா.