மணக்கடவில் இன்று எவ்வளவு?

ஆழியாறு அணைக்கு வருகிறவர்கள் மேலே ஏறி நீர்ப்பரப்பைப் பார்ப்பார்கள். கீழே இறங்கி வறுத்த மீன் சாப்பிட்டுவிட்டு வால்பாறைக்கோ பொள்ளாச்சிக்கோ கிளம்பிவிடுவார்கள். நானும் பல வருடங்களாக அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். இந்த முறை அணையை விட்டு வெளியேறும் தண்ணீரோடு கூடவே கேரளத்துச் சித்தூர் வரை போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து, விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்தேன்.

அணைக்குக் கீழே பழைய ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம். ஐந்து வாய்க்கால், 6,400 ஏக்கர். அணை வருவதற்கு முன்பிருந்தே ஆற்று நீரில் விளைந்த மண். ஆனைமலைப் பக்கம் ஒரு மடையருகே ஸ்கூட்டரை நிறுத்தினேன். பெரியவர் ஒருவர் முழங்கால் அளவு தண்ணீரில் நின்று மடையை அடைத்துக்கொண்டிருந்தார். முதலில் தென்னை மட்டை இரண்டைக் குறுக்கே வைத்தார். அதன்மேல் மண் நிரப்பிய சாக்கு. பிறகு இடுக்குகளில் வைக்கோலைத் திணித்து, சேற்றை அள்ளி அப்பி, உள்ளங்கையால் வழித்துவிட்டார். கசிவு நின்றதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

“என் முறை முடிந்தது, அம்மணி. இனி கீழே இருப்பவருக்கு.”

அந்த மடைக்குக் காவல் யாரும் இல்லை. அவர் அடைக்காமல் விட்டிருந்தால் இரண்டு வயல் தள்ளி இருப்பவர்தான் கேட்க வந்திருப்பார். நதிநீர்ப் பங்கீட்டைப் பற்றி நான் படித்த எதையும்விட அந்தச் சேற்றுக் கை எனக்கு அதிகம் சொன்னது.

பி.ஏ.பி. என்று இங்கே எல்லோரும் சொல்லும் பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் எட்டு ஆறுகளைக் கோத்தது. ஆறு ஆறுகள் ஆனைமலையில், இரண்டு சமவெளியில். பரம்பிக்குளம் அணை இருப்பது கேரள மண்ணில். அதை இயக்குவது தமிழ்நாடு. மலைச்சரிவை ஒட்டி 49 கிலோமீட்டர் ஓடும் காண்டூர் கால்வாய் தண்ணீரைத் திருமூர்த்தி அணைக்குக் கொண்டுபோகிறது. அங்கிருந்து பாசனம் பெறும் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் தண்ணீர். தென்னை இரண்டு வருடம் காத்திருக்குமா? ஆகவே கிணறு, அதற்கும் கீழே ஆழ்குழாய். கால்வாயில் போகும் தண்ணீருக்குக் கணக்கு இருக்கிறது. நிலத்தடியில் உறிஞ்சுவதற்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. எனக்கு இது பெரிய கவலை.

அம்பராம்பாளையம் தாண்டி மணக்கடவை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சிறிய அணைக்கட்டு, சுற்றுலா வருகிற இடமே அல்ல. ஆனால் இரண்டு மாநிலத்தின் கணக்கும் இங்கேதான் நேராகிறது. 1970 மே 29 அன்று கையெழுத்தாகி, 1958 நவம்பர் 9 முதலே செல்லுபடியாகும் என்று எழுதப்பட்ட ஒப்பந்தப்படி, ஜூலை முதல் ஜூன் வரையிலான ஒவ்வொரு நீர் ஆண்டிலும் 7.25 டி.எம்.சி. (725 கோடி கன அடி) தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளத்துக்குப் போக வேண்டும். கூட்டு நீர் ஒழுங்குமுறை வாரியத்தில் இரு மாநிலப் பொறியாளர்களும் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் பார்க்கிறார்கள். மழை பொய்த்த வருடத்திலும் அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதை நான் குறைவாக மதிக்கவில்லை.

ஒப்பந்தத்தை 30 ஆண்டுக்கு ஒரு முறை மறுஆய்வு செய்ய வேண்டும். 1988 வந்து போனது. 2018 வந்து போனது. 2019 செப்டம்பரில் இரு முதல்வர்களும் திருவனந்தபுரத்தில் சந்தித்துக் குழு அமைக்க ஒப்புக்கொண்டார்கள். என் மனத்தாங்கல் வேறு. மறுஆய்வு மேசையில் ஆனைமலை விவசாயிக்கும் சித்தூர் விவசாயிக்கும் பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போட வேண்டும். தட்டுப்பாடு வந்தால் இவர் இந்தப் பக்கச் சாலையில் மறியல் செய்கிறார், அவர் அந்தப் பக்கம் செய்கிறார். ஒருவர் வயலை மற்றவர் பார்த்ததே இல்லை.

எல்லை தாண்டியதும் ஆற்றின் பெயர் சித்தூர்ப்புழை. மூலத்தறையில் தடுப்பணை தண்ணீரை இடதுகரை, வலதுகரைக் கால்வாய்களுக்குப் பிரிக்கிறது. மிஞ்சியது பாரதப்புழையில் கலந்து பொன்னானியில் கடல் சேரும். மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் சித்தூர் வட்டாரம் பாலக்காட்டின் வறண்ட பகுதி. இங்கே நீர் தேக்கும் குளத்துக்கு மலையாளத்திலும் ‘ஏரி’ என்றே பெயர். கம்பாலத்தறை ஏரி என்று பலகையில் மலையாள எழுத்தைக் கூட்டிப் படித்தபோது, தூரத்து ஊரில் சொந்தக்காரர் வீட்டைக் கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

ஏரிக்கரைத் தேநீர்க் கடையில் நெல் விவசாயி ஒருவர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். நல்ல தமிழில் பேசினார். அவருடைய இரண்டாம் போக நாற்று இந்தத் தண்ணீரை நம்பித்தான் நிற்கிறது. காலையில் பார்த்த மடையைப் பற்றிச் சொன்னேன். மட்டை வைத்தாரா, சாக்கு வைத்தாரா என்று நுணுக்கமாகக் கேட்டார். நாங்களும் அப்படித்தான் அடைப்போம் என்றார்.

நான் கிளம்பும்போது கேட்டார்: “மணக்கடவு வழியாகத்தானே வந்தீர்கள்? இன்று எவ்வளவு போகிறது?”

கையை நீட்டி, அங்கே அணைக்கட்டுக் கல்லின் எந்த வரிவரை தண்ணீர் நின்றது என்று காட்டினேன். அவர் தன் கையால் அதே அளவைப் பிடித்துப் பார்த்தார்.